நடுவில் நிற்கும் முள்ளை நம்பலாமா?

ஃபோக்ஸ்வாகன் கார்களின் டெம்பரேச்சர் முள்ளுக்கு ஒரு குணம் உண்டு. வண்டி கிளம்பிச் சிறிது நேரத்தில் 90 என்ற கோட்டுக்கு வந்துவிடும். அப்புறம் அசையாது. தாம்பரம் நெரிசலில் அரை மணி நேரம் நின்றாலும் சரி, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறினாலும் சரி, முள் அங்கேயே நிற்கும். ‘ஜெர்மன் எஞ்சின்னா சும்மாவா’ என்று உரிமையாளர் பெருமைப்பட்டுக்கொள்வார். உண்மையில் கூலன்ட்டின் சூடு ஏறுவதும் இறங்குவதுமாகத்தான் இருக்கிறது. ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை எது வந்தாலும் முள்ளை 90-லேயே வைத்திரு என்று வண்டியின் கணினிக்குக் கட்டளை எழுதிவைத்திருக்கிறார்கள். முள்ளில் கோளாறு ஏதுமில்லை, சொன்னதைச் செய்கிறது.

இது ஒரு நிறுவனத்தின் வேலை மட்டுமல்ல. இன்று ஓடும் கார்களில் பலவற்றின் முள் இப்படித்தான் நடுவில் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. சில நிறுவனங்கள் முள்ளையே எடுத்துவிட்டன. ஹோண்டா ஜாஸில் எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு. இரண்டுக்கும் நடுவே எந்தச் செய்தியும் இல்லை. சிவப்பு எரிந்த பிறகு காரை ஓரங்கட்டி, போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கையைப் பிசைவதுதான் மிச்சம். ஐந்து நிமிடம் முன்னால் தெரிந்திருந்தால் ஏ.சி.யை அணைத்து, வேகத்தைக் குறைத்து, நிழலில் நிறுத்தி ஆறவிட்டிருக்கலாம்.

அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் சிலர் தங்கள் காரில் தனியாக மீட்டர் பொருத்துகிறார்கள். அதையும் வெளியே தெரியாமல், கம்பெனியிலேயே வைத்துக் கொடுத்ததுபோலப் பொருத்துகிறார்கள். மீட்டர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஏழு கலரில் மினுக்கும் வட்டங்களை முன்கண்ணாடி ஓரத் தூணில் அடுக்கிவைத்த வண்டிதான். அது வேறு கூட்டம். இங்கே பேசப்படுவது, பக்கத்து இருக்கையில் உட்காருபவருக்குக்கூடத் தெரியாமல் கூலன்ட்டின் சூட்டையும் ஆயில் பிரஷரையும் கவனித்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பற்றி. அவர்கள் செய்வதில் நியாயம் இருக்கிறது. ஒழுங்காகச் செய்யாவிட்டால் ஆபத்தும் இருக்கிறது. ஆனால் இந்த வேலையை அவர்கள் தலையில் சுமத்தியதே கார் நிறுவனங்கள்தான்.

ஓட்டுநருக்கு எஞ்சினின் சூடு தெரிய வேண்டும் என்பது காரின் ஆரம்ப காலத்திலேயே ஒத்துக்கொள்ளப்பட்ட விஷயம். 1912-இல் அமெரிக்காவில் ஹாரிசன் பாய்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டோமீட்டர், ரேடியேட்டர் மூடியின் மேல் நின்ற ஒரு வெப்பமானி. ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்தே கண்ணாடி வழியாக அதன் சிவப்புத் திரவம் ஏறுவதைப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு அது டேஷ்போர்டுக்குள் வந்தது. கூடவே ஆயில் பிரஷர் மீட்டரும் பேட்டரி சார்ஜைக் காட்டும் ஆம்பியர் மீட்டரும் வந்தன. பிரெஞ்சுக்காரர் யூஜீன் பூர்தோன் 1849-இல் கண்டுபிடித்த வளைந்த குழாய்தான் பழைய பிரஷர் மீட்டர்களின் உயிர். உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரும், முள் நகரும். இடையில் கணினி கிடையாது, பொய் சொல்ல வழியும் கிடையாது.

பொய் சொல்லத் தொடங்கிய காலத்தையும் குறிப்பிட்டுச் சொல்ல முடியும். மாஸ்டா மியாட்டா என்ற இரண்டு இருக்கை கார் உலகம் முழுவதும் ஓட்டுநர்களின் செல்லம். 1990 முதல் 1994 வரை வந்த மியாட்டாவில் உண்மையான ஆயில் பிரஷர் மீட்டர் இருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முள் ஏறும், விட்டால் இறங்கும், எஞ்சின் நன்றாகச் சூடேறி ஐடிலில் நிற்கும்போது இன்னும் கீழே போகும். 1995-ஆம் ஆண்டு மாடலில் அதே இடத்தில், பார்க்க அதே மாதிரியான முள் இருந்தது. ஆனால் எஞ்சினில் அழுத்தத்தை அளந்து மீட்டருக்குச் சொல்லும் சென்டரை (sender) எடுத்துவிட்டுச் சாதாரண ஸ்விட்ச் ஒன்றை வைத்துவிட்டார்கள். குறைந்தபட்ச அழுத்தம் இருந்தால் முள் நடுவில் நிற்கும். இல்லாவிட்டால் கீழே விழும். எச்சரிக்கை விளக்கு செய்யும் வேலைக்கு முள் வேஷம் போட்டுவிட்டார்கள். ஃபோர்டு நிறுவனம் அதற்கு முன்பே, 1980-களின் பிற்பகுதியில், தன் பிக்அப் வண்டிகளில் இதையே செய்திருந்தது. மீட்டருக்குப் பின்னால் ஒரு ரெசிஸ்டர், எஞ்சினில் ஒரு ஸ்விட்ச், முள்ளுக்கு நிரந்தரமாக ஒரே இடம்.

ஏன் இப்படி என்று கேட்டால் நிறுவனங்களின் தரப்பில் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: உண்மையைக் காட்டினால் வாடிக்கையாளர் பயந்துபோகிறார். ஆயில் சூடானால் இளகும், ஐடிலில் பிரஷர் இறங்கும். அது இயல்பு. ஆனால் முள் இறங்குவதைப் பார்த்தவர் நேராக சர்வீஸ் சென்டருக்குப் போய் நிற்பார். கோளாறே இல்லாத வண்டியைப் பிரித்துப் பார்த்து, ‘ஒன்றுமில்லை சார்’ என்று சொல்லி அனுப்புவதற்கும் செலவுதான். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்த நியாயம் எல்லா வண்டிக்கும் பொருந்த வேண்டுமே?

லாரியைப் பாருங்கள். ஏர் பிரேக் வைத்த லாரியிலும் பஸ்ஸிலும் காற்றழுத்த மீட்டர் இன்றைக்கும் இருக்கிறது. அழுத்தம் ஏறும்வரை டிரைவர் வண்டியை எடுப்பதில்லை. வயலில் ஓடும் டிராக்டரிலும் டெம்பரேச்சர் முள் உண்டு. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கணக்குவைக்கும் மீட்டர்கூட உண்டு. அதைப் பார்த்துத்தான் விவசாயி ஆயில் மாற்றுகிறார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய டிராக்டர் ஓட்டுநர் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில்லை. 15 லட்சம் ரூபாய் கொடுத்துக் கார் வாங்குகிற பொறியாளர் மட்டும் பயந்துவிடுவார் என்று யார் முடிவு செய்தது?

எச்சரிக்கை விளக்கு போதாதா என்று கேட்பவர்கள் அது எப்போது எரியும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆயில் லைட்டின் ஸ்விட்ச் பெரும்பாலான கார்களில் 0.3 முதல் 0.5 பார் அழுத்தத்துக்குக் கீழே போனால்தான் விழிக்கும். ஐடிலில் நிற்கும் எஞ்சினுக்கே அது குறைவு. நான்காயிரம் சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரஷர் பாதியாகக் குறைந்தாலும் விளக்கு எரியாது. அது எரியும் நேரத்தில் கிராங்க் பேரிங் உரசத் தொடங்கியிருக்கும். கூலன்ட் விஷயமும் இதேதான். தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும், 95 டிகிரியைத் தாண்டியதும் ஃபேன் ஓடும். அதையும் மீறி ஏறினால் பல கார்களில் கணினி முதலில் ஏ.சி. கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கொல்லிமலையின் 70 வளைவுகளில் பாதியில் ஏ.சி. குளிராமல் போனால், ‘கேஸ் தீர்ந்துபோச்சு’ என்று நினைத்துக்கொண்டு மேலே ஏறுகிறவர்களே அதிகம். எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை, முள்ளும் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு நடப்பது மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த கதை. இப்போதைய எஞ்சின்களின் ஹெட் அலுமினியம். இரும்பைவிட அது ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மீறிச் சூடானால் ஹெட் வளையும், கேஸ்கட் போகும், ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காபி நிறத்துக்கு வரும். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீரை ஊற்றிப் பழகிய ஊர்களில் உப்புப் படிந்து குழாய் அடைப்பதும் சேர்ந்துகொள்கிறது. எந்தக் காரிலும் இது ஒரே நாளில் நடப்பதில்லை. வாரக்கணக்கில் சூடு இரண்டு டிகிரி, மூன்று டிகிரி என்று கூடிக்கொண்டே வரும். நடுவில் நிற்கும் முள் அந்த வாரங்களை விழுங்கிவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், அந்த எண் காருக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சின் கணினிக்கு அது ஒவ்வொரு நொடியும் தெரியும். தெரியாமல் அதனால் பெட்ரோலை அளந்து விடவே முடியாது. ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்காலுக்குப் பக்கத்தில் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி என்பார்கள். அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்து கட்டாயம். இந்தியாவில் பி.எஸ். 4 கார்களுக்கு 2010-இல் முதல் கட்டமாகவும் 2013-இல் இரண்டாம் கட்டமாகவும் வந்தது. மாசுக் கட்டுப்பாட்டுக்காக வந்த சாக்கெட் அது. அதில் ஒரு சிறு கருவியைச் செருகி ‘சூடு எவ்வளவு?’ என்று கேட்டால் கணினி ஒரே ஒரு எண்ணைத் திருப்பி அனுப்பும். அதிலிருந்து 40-ஐக் கழித்தால் டிகிரி செல்சியஸ். 130 வந்தால் 90 டிகிரி. 145 வந்தால் 105 டிகிரி. முன்னால் இருக்கும் முள் இரண்டுக்கும் ஒரே இடத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.

வெளியே தெரியாமல் மீட்டர் வைக்க நினைப்பவருக்கு மிக எளிய வழி இதுதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவியைச் செருகி, செல்போனில் ஒரு செயலியைத் திறந்தால் போதும். ஒரு வயரையும் வெட்ட வேண்டாம். மலை இறங்கியதும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். இந்தக் கருவிகளின் மூலம் கனடாவின் ஈ.எல்.எம். எலக்ட்ரானிக்ஸ் செய்த ஒரு சிப். முதல் பதிப்பில் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இல்லாததால் உலகம் முழுக்கப் போலிகள் பெருகின. நம் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் அந்தப் போலிகள்தான். மூல நிறுவனம் 2022-இல் கடையை மூடிவிட்டது. போலிகள் வேலை செய்யும், ஆனால் சில எண்கள் தாமதமாக வரும், சில கார்களோடு பேசவே பேசாது. வண்டியை நிறுத்திய பிறகும் அந்தச் சாக்கெட்டில் மின்சாரம் இருக்கும் என்பதால், பத்து நாள் ஊருக்குப் போகிறவர் அதை அப்படியே விட்டுவிட்டால் திரும்பி வரும்போது பேட்டரி படுத்திருக்கலாம். பலவற்றில் புளூடூத் கடவுச்சொல் 1234 என்பது இன்னொரு வேதனை.

இந்த வழியில் ஒரு பெரிய குறையும் உண்டு. ஓபிடியின் பொதுவான பட்டியலில் ஆயில் பிரஷர் இல்லவே இல்லை. அது வேண்டுமென்றால் தனியாகச் சென்டர் வைத்து, வயர் இழுத்து, மீட்டர் பொருத்தியே ஆக வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளுக்கு ஆள் போவது அதற்காகத்தான்.

எங்கே பொருத்துவது? கடைக்காரர் முதலில் கை காட்டுவது ஓட்டுநர் பக்கத்துத் தூணைத்தான். பார்வைக்கு நேராக இருக்கும், பொருத்துவதும் எளிது. ஆனால் கர்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அந்தத் தூணை ஒட்டித்தான் பை விரிகிறது. கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும் பைக்கு முன்னால் பிளாஸ்டிக் குடுவையும் கண்ணாடியும் இருந்தால் அது ஓட்டுநரின் முகத்துக்கு வரும். இந்தியாவில் முன் இருக்கைகள் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமான பிறகு ஸ்டீயரிங்கின் நடுவிலும் டேஷ்போர்டின் இடப்பக்கத்திலும் இதே கதைதான். ஏர்பேக் மூடியின் மேல் பசை தடவி உட்காரவைத்த பிள்ளையாருக்கும் இது பொருந்தும். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். அவரைக் கொஞ்சம் நடுவே நகர்த்திவைப்பது எல்லோருக்கும் நல்லது.

ஏ.சி. வென்ட்டின் வட்டத்தில் மீட்டரைச் செருகுகிறவர்கள் உண்டு. பார்க்க அசல் போலவே இருக்கும். 52 மில்லிமீட்டர் என்பது மீட்டர்களின் வழக்கமான அளவு. பல கார்களின் வட்ட வென்ட்டுக்குள் கொஞ்சம் ராவினால் உட்கார்ந்துவிடும். மே மாத மதியத்தில் ஒரு வென்ட்டை இழப்பது எவ்வளவு பெரிய தியாகம் என்பதை மட்டும் வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும். பழைய கார்களின் சாம்பல் கிண்ணம் இதைவிட நல்ல இடம். மூடியைச் சாத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் பார்க்கக் குனிய வேண்டியிருந்தால் அந்த இடம் உதவாது. கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கும் நேரம் குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் முதல் கணக்கு, அழகு அதற்கப்புறம்.

இந்திய கார்களுக்கென்றே கடவுள் கொடுத்த இடம் ஒன்று இருக்கிறது: டம்மி ஸ்விட்ச். விலை குறைந்த மாடலை வாங்கியவருக்குத் தெரியும். ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், கீழே, மூன்று நான்கு கறுப்புப் பிளாஸ்டிக் கட்டைகள் வெறுமனே முகம் காட்டிக்கொண்டிருக்கும். ஃபாக் லேம்ப் வாங்காததற்கும் உயர்ந்த மாடல் எடுக்காததற்கும் தினமும் குத்திக்காட்டும் சாட்சிகள். அதில் ஒன்றை நெம்பி எடுத்தால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை. ஸ்விட்ச் அளவிலேயே செய்யப்பட்ட சிறிய டிஜிட்டல் மீட்டரை அதற்குள் ‘டக்’கென்று அழுத்தினால் உட்கார்ந்துவிடும். பின்னால் நான்கு வயர்: இக்னிஷன், எர்த், சென்டர், பார்க் லைட். இந்த நான்காவதைத்தான் பல எலக்ட்ரீஷியன்கள் இணைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது இருந்தால்தான் இரவில் ஹெட்லைட் போட்டதும் மீட்டரின் வெளிச்சம் தானாகக் குறையும். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க நீல எண்கள் பக்கக் கண்ணாடியில் மிதந்துகொண்டிருக்கும். டேஷ்போர்டின் மற்ற விளக்குகள் எந்த நிறமோ அதே நிறத்தில் வாங்கினால், காரை விற்கும்போது வாங்குகிறவர் அதைக் கம்பெனி மீட்டர் என்றே நினைப்பார்.

மியாட்டா உரிமையாளர்கள் செய்தது இதைவிட நேர்த்தியானது. அவர்கள் புதிதாக எதையும் வைக்கவில்லை. 1995-க்குப் பிந்தைய காரில், பழைய காரிலிருந்து கழற்றிய அசல் சென்டரையும் மீட்டரையும் மாற்றிப் போட்டார்கள். டேஷ்போர்டைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. மாஸ்டா மறைத்ததை மாஸ்டாவின் பாகத்தைக் கொண்டே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். மறைவாக மீட்டர் வைக்கும் கலையில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

எஞ்சின் பக்கத்து வேலையில்தான் காரியம் கெடுகிறது. ஆயில் பிரஷர் எடுக்க, ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு தட்டு வைப்பார்கள். அல்லது ஆயில் லைட் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் ‘T’ வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, பழைய ஸ்விட்ச்சையும் புதிய சென்டரையும் சேர்த்து மாட்டுவார்கள். அமெரிக்க அளவு சென்டரில் அங்குலத்துக்கு 27 மரை. சுஸுகி, டொயோட்டா போன்ற ஜப்பானிய எஞ்சின்களில் 28. இரண்டும் பார்க்க ஒன்றாகவே இருக்கும், இரண்டு சுற்று ஏறவும் ஏறும். அப்புறம் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அலுமினிய பிளாக்கின் மரை போய்விடும். மீட்டர் வைக்கப் போய் எஞ்சினையே கழற்ற வேண்டிய நிலைமை அப்படித்தான் வருகிறது. கசியக் கூடாதென்று டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றுகிறவர்களும் உண்டு. ஒற்றை வயர் சென்டருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் கிடைக்க வேண்டும். டேப் அதைத் தடுத்துவிட்டால் மீட்டர் கண்டபடி காட்டும். இன்னொன்று: மெக்கானிக்கல் மீட்டர் என்று விலை குறைவாக ஒரு வகை கிடைக்கிறது. அதில் சூடான ஆயிலே மெல்லிய குழாய் வழியாக டேஷ்போர்டுவரை வரும். குழாய் விட்டுப்போனால் முழங்காலில் கொதிக்கும் ஆயில் கொட்டும். ரேஸ் காரில் வைத்துக்கொள்ளட்டும், குடும்பத்தோடு போகும் வண்டிக்கு அது வேண்டாம்.

வயரிங்கில் சிக்கனம் பார்க்கிற வழக்கத்தைத் தமிழ்நாட்டின் எலக்ட்ரிக்கல் கடைகள் விட்டால் நல்லது. ஏதோ ஒரு வயரின் தோலைச் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிட்டு ‘ஒன்னும் ஆகாது சார்’ என்பார்கள். எஞ்சின் அறையின் சூட்டில் அந்த டேப்பின் பசை ஒரு கோடை தாங்காது. ஃபியூஸ் பெட்டியிலேயே செருகும் தனி ஃபியூஸ் டேப்பர் கிடைக்கிறது. மீட்டருக்கென்று சிறிய ஃபியூஸ் ஒன்றை அதில் போட்டுவிட்டால் எங்கே ஷார்ட் ஆனாலும் அது எரிந்து வண்டியைக் காப்பாற்றும். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் இடத்தில் ரப்பர் புஷ் இல்லாமல் வயரை இழுத்தால், தகரத்தின் விளிம்பு நாளடைவில் அறுத்துவிடும். மீட்டர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பது சரி. வேலையும் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக ஏனோதானோவென்று செய்தால் அது தீயில்தான் முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்ற சந்தேகமும் பலருக்கு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் நிறுவனம் கொடுத்த விவரங்களுக்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதியாகச் சொன்னது. எஞ்சின், சேஸிஸ், பாடி போன்றவற்றைத் தொடுகிறவர்கள்தான் அஞ்ச வேண்டும். சூட்டைக் காட்டும் ஒரு சிறு மீட்டர் ஆர்.சி. புத்தகத்தின் எந்த வரியையும் மாற்றுவதில்லை. ஆனால் வாரண்டி வேறு விஷயம். வெட்டிய வயரைப் பார்த்துவிட்டால் எலக்ட்ரிக்கல் வாரண்டி கிடையாது என்று சர்வீஸ் சென்டர் கையை விரிக்கும். வாரண்டி உள்ள வண்டிக்கு ஓபிடி கருவியோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மீட்டர் வைத்துவிட்டால் மட்டும் போதாது, அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். இங்கே நிறுவனங்களின் வாதத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தே ஆக வேண்டும். புதிய கார்கள் சிலவற்றில் ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றே சார்ஜைக் குறைக்கும். வோல்ட் மீட்டர் 14-லிருந்து 12.5-க்கு இறங்கும். தெரியாதவர் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டுவார். கூலன்ட் முழுவதும் ஒழுகிவிட்டால் சென்சார் காற்றில் தொங்கும். அப்போது சூடு குறைந்துவிட்டதாகக்கூட மீட்டர் காட்டக்கூடும், எஞ்சினோ வெந்துகொண்டிருக்கும். சட்டென்று எண் குறைந்தாலும் சந்தேகப்பட வேண்டும் என்பது மீட்டர் வைத்தவர்களில் பலருக்குத் தெரியாது. ரேஸ் ஓட்டுகிறவர்கள் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். சாதாரண அளவில் முள் நேர் மேலே நிற்கும்படி ஒவ்வொரு மீட்டரையும் திருப்பிப் பொருத்திவிடுவார்கள். எண்ணைப் படிக்க வேண்டியதில்லை. எந்த முள் சாய்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். தசம புள்ளியோடு துடித்துக்கொண்டே இருக்கும் டிஜிட்டல் எண்ணைவிட, ஒரு முள்ளும் ஒரு அலாரமும் மேல்.

இவ்வளவு பாடும் எதற்கு? கணினிக்குத் தெரிந்த ஒரு எண்ணை ஓட்டுநரும் தெரிந்துகொள்வதற்கு. நிறுவனங்களால் முடியாததா இது? 1976-இல் வந்த முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ.யில் இதே ஃபோக்ஸ்வாகன் ஆயில் வெப்பநிலைக்கென்று தனி மீட்டர் வைத்தது. நிசான் 1999-இல் தன் ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் காரில் ஒரு திரையையே வைத்து டர்போ அழுத்தம், ஆயில் சூடு, தண்ணீர்ச் சூடு எல்லாவற்றையும் காட்டியது. 2007-இல் வந்த ஜி.டி.-ஆரின் திரையை வடிவமைக்க ஒரு வீடியோ கேம் நிறுவனத்தையே கூப்பிட்டது. ஸ்கோடா ஆக்டேவியாவின் சிறிய திரையில் ஆயிலின் சூடு டிகிரியில் வரும். அதைப் பார்த்து யாரும் மூர்ச்சையாகிவிடவில்லை. கோவையில் 1970-களிலிருந்து வாகன மீட்டர் செய்துவரும் பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் இங்கேயே இருக்கின்றன. திறமைக்குப் பஞ்சமில்லை.

இப்போது பத்து லட்ச ரூபாய் காரிலேயே பெரிய திரை வந்துவிட்டது. பாட்டுக்காரரின் படம் தெரிகிறது, வெளியே எத்தனை டிகிரி வெயில் என்று தெரிகிறது, எஞ்சினுக்குள் எத்தனை டிகிரி என்பது மட்டும் தெரிவதில்லை. இதற்குப் புது சென்சார் வேண்டாம், புது வயர் வேண்டாம்; மென்பொருளில் ஒரு பக்கம் கூடுதலாக எழுதினால் போதும். பயந்துபோகிறவர்களுக்காக அதை மெனுவுக்குள் நான்காவது பக்கத்தில் வைக்கட்டும். தேடிப் போகிறவர் பார்த்துக்கொள்வார். மத்திய அரசும் இதில் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் இடைவிட்டும் 120-ஐத் தாண்டினால் விடாமலும் எச்சரிக்கை ஒலி வர வேண்டும் என்று 2019 ஜூலையிலிருந்து எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாக்கியது இதே அரசுதான். கூலன்ட்டின் உண்மையான சூட்டைத் திரையில் காட்டு என்று சொல்வது அதைவிடச் சுலபமான உத்தரவு.

அதுவரை, புதுக் கார் பார்க்க ஷோரூமுக்குப் போகிறவர்கள் சன்ரூஃப் இருக்கிறதா என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: ‘எஞ்சின் எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று இந்தத் திரை காட்டுமா?’ விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நூறு பேர் கேட்டால் அது கம்பெனியின் காதுக்குப் போகும்.